கெடுக்காது, கெடாது

என் அக்காவுக்கு இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. சர்க்கரை நோய்க்காரி. செருப்பு கடித்துச் சின்னதாக ஒரு கொப்புளம் வந்தது, அவள் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். "இனி சின்னப் புண்ணுன்னு விட்டுராதீங்க. அடுத்த தடவை விரலோட நிக்காது" என்று டாக்டர் சொன்னது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். நான் எழுதப்போவது அக்காவின் வலது காலைப் பற்றி. அதோடு, என் மூத்த மகள் வீட்டில் செய்த லோஷனைப் பற்றியும்.

பிள்ளைகளா, உங்களில் பல பேர் இப்போது போனைப் பார்த்து லோஷன், உதட்டு மெழுகு எல்லாம் நீங்களே செய்கிறீர்கள். செய்யாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், டைல்ஸ் ஒட்டுகிறவன். எழுதிப் பழக்கம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். எங்கே தப்பு என்று நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

முதலில் என் கை. சிமெண்டுத் தண்ணீரில் நாள் முழுக்க ஊறி, காய்ந்து, வெடித்து, விரல் இடுக்குகளில் ரத்தம் கசியும். ரசம் ஊற்றிச் சோறு பிசைந்தால் எரியும். கையுறை போட்டால் டைல்ஸ் ஓரம் சரியாக உட்கார்ந்ததா என்று விரலுக்குத் தெரியாது, அதனால் நாங்கள் யாரும் போடுவதில்லை. ஏழாவது படிக்கிற சின்னவளின் தலையைத் தடவினால் அவள் முடி என் விரலில் மாட்டிக்கொண்டு வரும்.

"அப்பா, உங்க கை கை இல்லப்பா, உப்புத்தாளு" என்பாள்.

மூத்தவள் அப்போதுதான் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். நர்சிங் படிப்புக்கு எழுதிப் போட்டுவிட்டு இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று வீட்டிலேயே இருந்தாள். ஒருநாள் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த வாரம் ஒரு பார்சல் வந்தது.

எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது எல்லோருக்கும் தெரியும். சேர்த்து வைக்க ஒரு மெழுகு இருக்கிறது, வெள்ளைச் செதில் செதிலாக. எமல்சிஃபையிங் வாக்ஸ் என்று அதற்குப் பெயர். தேன்மெழுகு அந்த வேலையைத் தனியாகச் செய்யாது. தேங்காயெண்ணெயில் அந்தச் செதிலைப் போட்டு, எண்ணெய்ச் சட்டியை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்க வேண்டும். நேராக அடுப்பில் வைக்கக் கூடாது. பிறகு தண்ணீரை ஊற்றிக் கடைய வேண்டும்.

முதல் தடவை மகள் பச்சைத் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டாள். சூட்டில் உருகியிருந்த மெழுகு குளிர்ந்த தண்ணீரைக் கண்டதும் கட்டி கட்டியாக உறைந்தது. எண்ணெய் தனியே மிதந்தது.

என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "பால் திரிஞ்சதுல்லா இது? அப்பா கைக்குப் பூசவா, அடுப்புல கொட்டவா?" என்றாள்.

எண்ணெயும் தண்ணீரும் ஒரே சூட்டில் இருந்தால்தான் சேரும் என்று மகள் கண்டுபிடித்தாள். இரண்டாவது தடவைக்குத் தயாரானபோதுதான் எந்தத் தண்ணீர் என்ற பேச்சு வந்தது. செய்முறையில் டிஸ்டில்டு வாட்டர் என்று இருந்தது, ஆவியாக்கிப் பிடித்த சுத்தத் தண்ணீர். தென்காசியில் நான் வழக்கமாக மாத்திரை வாங்குகிற மெடிக்கல் கடையில் கேட்டேன்.

"தீந்துட்டு அண்ணாச்சி. ஆர்டர் போட்டிருக்கு, ரெண்டு மூணு நாள்ல வந்துரும். அவசரம்னா பேட்டரி கடையில கேளுங்க. அவங்க ஊத்துததும் டிஸ்டில்டுதான்" என்றான் கடைக்காரத் தம்பி.

வீட்டில் வந்து இதைச் சொன்னதுதான் தாமதம்.

"பேட்டரி தண்ணியையா? வண்டிக்கு ஊத்துதத கையில பூசிக்கிட்டு அந்தக் கையாலயே சோறு திங்கப் போறியளா?" என்றாள் வீட்டுக்காரி.

"பூசட்டும்மா, காலையில அப்பாவுக்கு செல்ஃப் ஸ்டார்ட் ஆயிரும்" என்றாள் சின்னவள்.

எல்லோரும் சிரித்தோம். பேட்டரி கடைத் தண்ணீர் எந்தக் கேனில் இருந்து எந்தக் கேனுக்கு மாறி வருகிறது என்று நமக்குத் தெரியாது, அதை வேண்டாம் என்றது சரிதான். ஆனால் மெடிக்கல் கடையில் இரண்டு மூன்று நாள் பொறுக்கச் சொன்னானே, அதை யாரும் யோசிக்கவில்லை. ஏனென்றால் எங்கள் அடுக்களையிலேயே ஒரு கேன் தண்ணீர் இருந்தது.

அப்போது எனக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் குளியலறை வேலை. சீசன் தொடங்கி சாரல் விழ ஆரம்பித்திருந்தது. ஐந்தருவியில் குளித்துவிட்டு வரும்போது ஒரு கேனில் தண்ணீர் பிடித்து வந்திருந்தேன். வருஷா வருஷம் செய்வதுதான். குடிக்கவும் செய்வோம், தலைக்கு ஊற்றவும் செய்வோம்.

"மலையில அத்தனை மூலிகையையும் தொட்டுக்கிட்டு வார தண்ணி. இதை விடவா சுத்தம்?" என்றாள் வீட்டுக்காரி.

எனக்கும் சரி என்றுதான் பட்டது. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அப்படித்தான் படும். வெளியூர்க்காரர்கள் எங்கிருந்தெல்லாமோ பஸ் பிடித்து வந்து தலையைக் கொடுத்து நிற்கிற தண்ணீர் அது. மகள் மட்டும், "கொதிக்க வச்சிருவோம்மா" என்றாள். அதற்கும், "கொதிக்க விட்டா மூலிகைச் சத்து போயிரும்லா? சூடு பண்ணினா போதும்" என்று பதில் வந்தது. விரல் பொறுக்காத அளவு சூடு செய்தார்கள். கொதிக்க விடவில்லை.

அருவித் தண்ணீரை நான் குறை சொல்லவில்லை. ஓடுகிற தண்ணீர் குளிக்க நல்லது. அதையே பாட்டிலில் அடைத்து, எண்ணெயோடு சேர்த்து வைத்தால், இலையில் இருந்தும் மண்ணில் இருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் வந்தது எல்லாம் அதற்குள்ளே உட்கார்ந்து பெருகும். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதுவானாலும் கதை இதுதான். அருவித் தண்ணீராக இருந்ததால் நாங்கள் சந்தேகப்படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பார்சலில் மெழுகோடு ஒரு சின்னக் குப்பியும் வந்திருந்தது.

"இது என்னதுட்டி?"

"கெடாம இருக்கதுக்குப் போடுததும்மா. பிரிசர்வேட்டிவ்."

"கெமிக்கலா?"

"ஆமா, கெமிக்கல்தான்."

"அப்போ கடையிலயே ஒண்ணு வாங்கியிருக்கலாமே. வீட்டுல எதுக்குக் கெடந்து கிண்டணும்?"

மகள் கொஞ்ச நேரம் குப்பியைக் கையிலேயே வைத்திருந்தாள். அவள் பார்த்த வேறொரு வீடியோவில், அதற்குப் பதில் வைட்டமின் இ மாத்திரையை உடைத்து ஊற்றினால் போதும் என்று ஒரு அம்மா சொல்லியிருந்தாராம். குப்பி மேல் அலமாரிக்குப் போனது. மாத்திரை உள்ளே போனது. அந்த மாத்திரை எண்ணெயில் சிக்குவாடை வராமல் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளும். தண்ணீரில் வளர்கிற கிருமியை அது ஒன்றும் செய்யாது. இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

தொட்டியில் இருந்த சோற்றுக்கத்தாழையை வெட்டி அந்தச் சோற்றையும் சேர்த்தார்கள். அடுத்து, கடைய வேண்டும். மோர் கடைகிற மரமத்தைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள் என் வீட்டுக்காரி. எவ்வளவு கழுவினாலும் மரத்தின் வரியில் பழைய மோர் இருக்கத்தானே செய்யும்? அன்று அதுவும் யாருக்கும் தோன்றவில்லை.

லோஷன் அருமையாக வந்தது. அதைத்தான் சொல்ல வேண்டும். வெள்ளை வெளேரென்று, தொட்டால் வழுக்கிக்கொண்டு. ஊறுகாய் பாட்டில்களைக் கழுவி ஊற்றி வைத்தார்கள். ஒரு வாரத்தில் என் கை வெடிப்பு மூடியது. ரசம் எரியவில்லை. சின்னவள் என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்து, "உப்புத்தாள் நம்பர் மாறிட்டு" என்றாள். மூத்தவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பரீட்சை முடிவு வந்த அன்றுகூடப் பார்த்ததில்லை.

அக்கா வந்தது அந்த வாரக் கடைசியில்தான். அவள் ஆய்க்குடியில் தனியாக இருக்கிறாள். இட்லி மாவு அரைத்து விற்கிறாள். விடிந்தால் ஈரத்தரையில்தான் நிற்பு. குதிகால் இரண்டிலும் பித்தவெடிப்பு, பாளம் பாளமாக.

பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தாள். மாவு புளித்ததா இல்லையா என்பதை வாசலில் நின்றே சொல்லிவிடுகிற மூக்கு அது.

"ஏட்டி, வெண்ணெயா இது? தோசையில போடலாம் போலுக்கே."

"லோஷன் அத்தை. நான் செஞ்சது. அப்பா கையைப் பாருங்க."

அக்கா என் கையைப் பார்த்தாள். "ஏலே, பொம்பளை கை மாதிரில்லா ஆயிட்டு. இனி எவன் உன்னை வேலைக்குக் கூப்பிடுவான்?" என்றாள். பிறகு தன் வலது குதிகாலை முன்னால் நீட்டினாள். "எனக்கு ஒரு டப்பா குடு. மாவுக்காரி காலும் கொஞ்சம் மினுங்கட்டும்."

மகள் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அப்போது என் வீட்டுக்காரி சொன்னாள்: "பயப்படாம பூசுங்க மைனி. ஒரு கெமிக்கலும் சேக்கல. கெடுக்காது."

அவள் சொன்னது கெடுக்காது என்று, அதாவது தோலுக்குக் கெடுதல் செய்யாது என்று. அக்கா காதில் விழுந்தது கெடாது என்று. அதாவது, எத்தனை நாளானாலும் வீணாகாது. பேச்சு வேகத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். உண்மையைச் சொன்னால், சொன்னவளுக்கே இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. கெமிக்கல் இல்லாதது கெடுக்காது, கெடுக்காதது நல்லது, நல்லது எப்படிக் கெடும்? நாங்கள் நாலு பேரும் அப்படித்தான் நினைத்தோம். வெடித்துத் திறந்திருக்கிற தோலில், அதுவும் சர்க்கரை உள்ளவளுக்கு, டாக்டரைக் கேட்காமல் எதையும் பூசலாமா என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கெடாது என்று கேட்டதால், அக்கா அதைப் பொக்கிஷம் மாதிரி மிச்சம் பிடித்தாள். மருமகள் கையால் செய்ததாயிற்றே. தினமும் கடுகளவு. மாவு வழித்த ஈரக் கையை முந்தானையில் ஒரு தடவை துடைத்துவிட்டு அந்த விரலையே உள்ளே விட்டு எடுப்பாளாம். பாட்டில் இருந்தது கிரைண்டர் பக்கத்து ஜன்னலில். வெயில் நேராக விழுகிற இடம்.

ஆடி பிறந்தது. மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. நானே போன் பண்ணி அக்காவிடம் சொன்னேன். "தெரியும்லே. நான் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிட்டேன்லா" என்றாள். என்ன சொன்னாள், எங்கே சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் முதல் பாட்டில் தீர்ந்து போயிருந்தது. ஆடிக் கிருத்திகை அன்று காலையில் வீட்டுக்காரி அலமாரியில் இருந்து இரண்டாவதை எடுத்துத் திறந்தாள். திறந்த கையோடு தள்ளிப் பிடித்தாள்.

"ஏங்க, இங்கன வாங்க."

மூடியின் உள்பக்கம் கறுப்பாகப் புள்ளிகள். மேலே ஓரமாகச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். வாடை, ஈரத்தோடு மூலையில் போட்டு மறந்த தரைத்துணியின் வாடை. திறக்காத பாட்டில் அது. திறந்து, ஈரக் கை பட்டு, வெயிலில் இருந்த அக்காவின் பாட்டில் எப்படி இருக்கும்?

மூத்தவள் வந்து பார்த்தாள். போனை எடுத்து அத்தைக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள்.

"அப்பா, வண்டியை எடுங்க" என்றாள்.

ஆய்க்குடியில் அக்கா வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வாசலுக்கு வந்தாள். "பண்பொழிக்குப் போயிருக்காவ, திருமலைக்கோவிலுக்கு. உங்க பிள்ளைக்கு சீட்டு கிடைச்சா படியேறி வாரேன்னு நேந்துகிட்டாவளாம். முதல் பஸ்ஸுக்கே போயாச்சு" என்றாள். பிறகு என் மகளைப் பார்த்து, "நீதானா அந்த நர்சு பிள்ளை?" என்று சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

பண்பொழிக்கு வண்டியைத் திருப்பினேன். மலைப்பக்கம் மேகம் இறங்கியிருந்தது. சாரல் மூஞ்சியில் அடித்தது. பின்னால் இருந்து மகள் ஒரே ஒரு தடவை பேசினாள்.

"அத்தை செருப்பு போட்டுக்கிட்டு ஏறியிருப்பாவளாப்பா?"

கோவில் படியில் யார் செருப்புப் போட்டு ஏறுவார்கள்? மேலே போக வண்டிப்பாதை இருக்கிறது. வேண்டுதல் என்று வந்தவள் அதில் போக மாட்டாள் என்பதும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அடிவாரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். நெற்றி நிறைய விபூதி. வலது காலைப் பெஞ்சின் மேல் தூக்கி வைத்து, கர்சீப்பால் குதிகாலைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"ஏலே, நீ எங்கன இங்க? ஏட்டி, நீயுமா? இந்தா, பிரசாதம். கையை நீட்டு."

"அத்தை, காலைக் காட்டுங்க."

"காலுக்கு என்ன? ஏறி இறங்கினா வலிக்கத்தான் செய்யும். முதல்ல கையை நீட்டு."

மகள் கையை நீட்டி விபூதியை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து கர்சீப்பை அவிழ்த்தாள். குதிகாலில் ஒரு வெடிப்பு வாய் திறந்து, ஓரமெல்லாம் வெள்ளையாக ஊறிப்போய் இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு. புறங்கையை வைத்துப் பார்த்தாள். "சுடுதுப்பா" என்றாள்.

"எத்தனை நாளா அத்தை இப்படி?"

"ரெண்டு மூணு நாளாத்தான். அதான் உன் மருந்தை நல்லா அப்பிட்டு வந்தேன். பையில இருக்கு பாரு, மேல போயும் ஒருக்கப் பூசினேன்."

பையில் இருந்து பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது. மாவு புளித்த வாடையை வாசலில் நின்று சொல்கிற அக்கா, இதை மோந்து பார்க்கவில்லையா?

"அக்கா, இது நாறுது. உனக்குத் தெரியலையா?"

"நாறுதா? போலே. அருவித் தண்ணியில செஞ்சதுல்லா. முதல்ல இந்த வாடை இல்ல, நாள் ஆக ஆகத்தான் வந்துது. மூலிகை இறங்குதுன்னு நெனச்சேன். கஷாயம்னா நாறத்தான செய்யும்?"

மகள் எழுந்து அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் பாட்டிலை மூடிப் பையில் போட்டேன். அக்கா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கெடாதுன்னுதானலே உன் வீட்டுக்காரி சொன்னா?" என்றாள், மெதுவாக.

அப்போதுதான் எனக்கு அந்த இரண்டு சொல்லும் விளங்கியது.

தென்காசியில் டாக்டர் பார்த்தார். புண்ணைக் கழுவினார். சர்க்கரை ஏறியிருந்தது. ஊசி, மாத்திரை, தினமும் கட்டு மாற்ற வேண்டும், காலை ஊன்றக் கூடாது. என்ன பூசினீர்கள் என்று கேட்டபோது அக்கா, "சும்மா தேங்காயெண்ணெய்தான்" என்று ஆரம்பித்தாள். மகள் குறுக்கே வந்து, எந்தத் தண்ணீர், எவ்வளவு சூடு, எது சேர்த்தது, எது சேர்க்கவில்லை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். பாட்டிலையும் மேசையில் வைத்தாள்.

டாக்டர் பாட்டிலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"இதனாலதானா சார்?" என்று நான் கேட்டேன்.

"அப்படிச் சொல்ல முடியாது. ஏற்கெனவே வெடிப்பு. சர்க்கரை. வெறுங்காலோட அத்தனை படி. இதுவும் சேர்ந்திருக்கலாம். இது எவ்வளவு, அது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது."

பிரித்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இதனால்தான் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்போம். இதனால் இல்லை என்றால் நிம்மதி. நடுவில் நிற்பதுதான் பாடு.

"எலும்பு வரைக்கும் போகலைன்னு நினைக்கிறேன். ஒரு வாரம் பார்ப்போம்" என்றார் கடைசியில்.

அக்காவை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தோம். மாவு வியாபாரம் நின்றது. என் வீட்டுக்காரி மைனிக்குச் சுடுதண்ணீரும் சோறும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள், பேச்சு குறைந்துவிட்டது. ஒருநாள் பார்த்தால், அந்த மரமத்தைப் புறவாசலில் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருக்கிறாள். "விடு" என்றேன். "நான்தானங்க அந்தக் குப்பியை மேல தூக்கி வச்சேன்" என்றாள். தண்ணீரைப் பிடித்து வந்தது நான் என்றேன்.

மூத்தவள் கல்லூரிக்குத் துணி எடுக்க வரவில்லை என்றாள். எதற்கு என்று கேட்டால், "எனக்கு நர்சிங் வேண்டாம்ப்பா. வேற ஏதாவது படிக்கேன்" என்றாள். அத்தை காதில் விழாமல் சொன்னதாக நினைத்தாள். கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த அக்காவுக்கு, மூக்கு ஏமாற்றினாலும் இந்தத் தடவை காது ஏமாற்றவில்லை.

"சவத்து மூதி, இங்க வா. என்ன சொன்னே? வேண்டாமா? அப்போ நான் முருகன்கிட்ட போய் வேண்டுதலைத் திருப்பி எடுத்துக்கன்னு சொல்லணும்லா. அதுக்கு இன்னொருக்க படியேறணும். ஏறவா?"

மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். அத்தையைக் கூட்டி வந்ததில் இருந்து அப்போதுதான் அழுதாள். அக்கா அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "கண்ணைத் துடை. துடைச்சுட்டு மாத்திரையை எடு. சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா, நர்சு?" என்றாள்.

சில நாள் கழித்து மகள் மறுபடி அடுக்களையில் நின்றாள். மேல் அலமாரியில் இருந்து அந்தக் குப்பி இறங்கியிருந்தது. நான் தடுக்கவில்லை. இந்தத் தடவை அவள் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பாட்டில், கரண்டி, பாத்திரம் எல்லாவற்றையும் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அடுப்பு அணைந்திருக்கும்போது ஸ்பிரிட்டால் துடைத்தாள், ஸ்பிரிட் தீப்பற்றும் என்பதால். மெடிக்கல் கடையில் சொல்லி வைத்து டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வரச் சொன்னாள். தராசில் கிராம் கணக்காக நிறுத்தாள், கண்ணளவில் எதையும் போடவில்லை. கத்தாழை கிடையாது. மத்துக்குப் பதில் எவர்சில்வர் கரண்டி. கடைந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு, அந்தக் குப்பியில் எழுதியிருந்த அளவை அளந்து விட்டாள். கூடுதலாக ஒரு சொட்டும் இல்லை, கூடினாலும் தோலுக்கு ஆகாதாம். செய்தது ஒரே ஒரு சின்ன பாட்டில்தான். முதலில் என் முழங்கை மடிப்பில் பொட்டளவு பூசி, ஒரு நாள் முழுக்கச் சிவக்கிறதா அரிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கைக்குக் கொடுத்தாள். அதுவும் உலர்ந்த கரண்டியால் எடுத்து. நிறமோ வாடையோ மாறினால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும் என்றாள். "கிருமி இருந்தா எப்பவும் நாறணும்னு இல்லப்பா. நாறாமலும் இருக்கும்" என்றும் சொன்னாள்.

பாட்டிலில் ஒரு தாளை ஒட்டினாள். செய்த தேதி எழுதினாள். அதற்குக் கீழே பெரிதாக ஒரே சொல்: கெடும்.

அக்கா அந்தப் பாட்டிலை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்தாள். "கெடும்னு எழுதி ஒட்டுதவளை இப்பத்தான் பாக்கேன். நான் மாவுப் பாக்கெட்டுல புளிக்கும்னு எழுதி வித்தா எவ வாங்குவா?" என்றாள். பிறகு, "எனக்கு உண்டா?" என்று கேட்டாள்.

"கிடையாது அத்தை. புண்ணு ஆறுத வரைக்கும் டாக்டர் தந்ததுதான். ஆறினாலும் டாக்டரைக் கேட்டுட்டுத்தான்."

"பார்லே, உன் மக என்னைக் கடையை விட்டு வெரட்டுதா" என்று அக்கா என்னிடம் சொன்னாள். குரலில் சிரிப்பு இருந்தது. ஆனால் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

ஒரு வாரம் என்றார் டாக்டர். அது போய் அதற்கு மேலும் ஆகிவிட்டது. சிவப்பு குறைந்திருக்கிறது. வெடிப்பு இன்னும் மூடவில்லை. பரவாயில்லை என்கிறார், ஆனால் பயம் இல்லை என்று அவர் வாயால் இன்னும் சொல்லவில்லை. சர்க்கரைக்காரர்கள் புண் அப்படித்தான், பைய ஆறும் என்கிறார்கள். அக்கா ஆய்க்குடிக்குப் போக வேண்டும் என்று தினமும் கேட்கிறாள். புண் மூடட்டும் என்கிறோம்.

இன்று காலையில் கட்டு மாற்றக் கூட்டிப்போயிருந்தோம். நர்சம்மா கட்டைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். கடைசிச் சுற்றுத் துணி, கொஞ்சம் மஞ்சளாக, குதிகாலில் ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு எடுத்துத் தட்டில் போட்டார். மூத்தவள் குனிந்து, அந்தத் துணிக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுபோனாள். அக்கா முகத்தைச் சுளித்தாள்.

"ஏட்டி, அதை என்னத்துக்கு மோந்து பாக்கே?"

மகள் இன்னொரு தடவை மோந்து பார்த்தாள்.

"மருந்து வாடைதான் அத்தை" என்றாள். "வேற வாடை இல்ல."

நர்சம்மா புதுத் துணியைப் பிரித்தார். மகள் கேட்காமலே காலைப் பிடித்துக்கொண்டாள், கட்டு முடிகிற வரைக்கும்.